டயருக்குள் ஓடும் நூல்

அவிநாசி ரோட்டில் அனுப்பர்பாளையம் பக்கம் எந்த டயர் கடையில் ஏறினாலும் விலைக்கு அடுத்தபடியாகக் காதில் விழும் கேள்வி இதுதான்: "எத்தனை கிலோமீட்டர் ஓடுங்ணா?" கேட்பவர் பெரும்பாலும் பாத்திரப் பட்டறை வைத்திருப்பவராகவோ பனியன் கம்பெனி நடத்துபவராகவோ இருப்பார். போட்ட காசுக்குக் கணக்குப் பார்த்தே பழகியவர். கூடவே வந்து நிற்கும் மகனுக்கு வேறு கவலை. ஞாயிற்றுக்கிழமை ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வண்டி கை சொன்னபடி திரும்ப வேண்டும். அப்பாவுக்கு ஆயுள் வேண்டும், மகனுக்கு கிரிப் வேண்டும். வண்டியோ ஒன்றுதான்.

கடையில் சொல்லும் பதில் எல்லோருக்கும் தெரிந்தது. சாஃப்ட் ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ஹார்டு ரப்பர் நிறைய ஓடும், மழையில் வழுக்கும். இது பாதி உண்மை. அந்தப் பாதி, டயரின் மேலே இருக்கும் ரப்பரைப் பற்றியது. மறுபாதி உள்ளே இருக்கும் உடம்பைப் பற்றியது. அந்த உடம்பில் ஆயுளும் ஓட்டும் சுகமும் சண்டை போடுவதில்லை, ஒரே பக்கம் நிற்கின்றன. அது நூலால் கட்டிய உடம்பு என்பதால் திருப்பூர்க்காரர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

முதலில் ரப்பர். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. டயரில் 33 பி.எஸ்.ஐ. காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ அழுத்தம். வகுத்துப் பார்த்தால் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர். அதாவது 13 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் நீளம். பிரேக் பிடிப்பது, திருப்புவது, வேகமெடுப்பது எல்லாமே இந்த நான்கு சிறு துண்டுகளின் வேலை.

தார் ரோடு பார்க்கத்தான் வழவழப்பு. கிட்டத்தில் குனிந்து பார்த்தால் ஜல்லி முனைகள் துருத்திக்கொண்டிருக்கும்; அந்த ஜல்லியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருக்கும். டயர் லேசாகச் சறுக்கும்போது ரப்பர் ஒவ்வொரு முனையின் மேலும் ஏறி இறங்குகிறது. ஏறும்போது அமுங்குகிறது, இறங்கும்போது பழைய உருவத்துக்குத் திரும்பச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்தத் தாமதத்தால் முனையின் முன்பக்கத்தில் ரப்பர் பலமாக அழுத்துகிறது, பின்பக்கத்தில் லேசாக. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சறுக்கலைத் தடுக்கும் விசை. உலர்ந்த ரோட்டில் ரப்பர் மூலக்கூறுகள் தரையோடு ஒட்டிக்கொள்ளும் பிடிப்பும் சேர்ந்துகொள்ளும். மழை பெய்தால் நடுவில் தண்ணீர் புகுந்து அந்த ஒட்டுதல் பெருமளவு போய்விடும். அப்போது நம்மைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ரப்பரின் இந்தத் தாமதம்தான்.

தாமதமாகத் திரும்பும் ரப்பர், அமுக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி சூடாகி வீணாகிறது. டயர் வெறுமனே உருளும்போதும் இதேதான் நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் அமுங்கி நிமிர்ந்து சூடாகிறது. அந்தச் சூட்டுக்கான பெட்ரோலை நாம்தான் கொடுக்கிறோம். ஆக, பிடிப்பைத் தரும் குணமே மைலேஜையும் குறைக்கிறது என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள்.

வழி கிடைத்தது அதிர்வு எண்ணில். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் டயர் நொடிக்குச் சுமார் 12 முறை சுற்றும். உருளுவதால் வரும் அமுக்கமும் நொடிக்கு 12 முறைதான். ஜல்லி முனைகளில் சறுக்கும் ரப்பரோ நொடிக்கு ஆயிரம் முறையிலிருந்து லட்சம் முறை வரை அமுங்கி எழுகிறது. 12-க்குச் சோம்பாமல் உடனே நிமிர வேண்டும், ஆயிரத்துக்கு மேலே போனால் தாமதிக்க வேண்டும். அப்படி ஒரு ரப்பர் கிடைத்தால் மைலேஜும் கிரிப்பும் சேர்ந்தே வரும். 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பல பத்தாண்டுகளாக ரப்பருக்கு வலு சேர்க்கக் கலந்துவந்த கரித்தூளில் பெரும் பகுதியை எடுத்துவிட்டு, நுண்ணிய சிலிக்காவைச் சேர்த்தார்கள். சிலிக்கா ரப்பரோடு ஒட்டாது. இரண்டையும் கட்டிப்போட சிலேன் என்ற வேதிப்பொருள் தேவைப்பட்டது. கரித்தூள் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அறுந்து, மீண்டும் கோத்துக்கொண்டு ஆற்றலை விழுங்கும். சிலேன் கட்டிய சிலிக்கா அந்த வேலையைக் குறைவாகச் செய்யும். இன்று நல்ல கார் டயர்களில் இது சாதாரணமாகிவிட்டது.

இதோடு தேய்மானப் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. ஒவ்வொரு வகை ரப்பரும் ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே கண்ணாடி போல விறைத்துவிடும். பாலிபியூட்டடையீன் என்ற செயற்கை ரப்பருக்கு அது மைனஸ் 100 டிகிரிக்கு அருகில். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மரத்தில் பால் எடுக்கும் இயற்கை ரப்பருக்கு மைனஸ் 70 அளவில். ஸ்டைரீன் சேர்த்த ரப்பருக்கு அதைவிட மேலே. அந்த வெப்பநிலை நம் ரோட்டின் வெப்பநிலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நாள் ரப்பர் உழைக்கும். நெருங்கி வர வர ஈரத்தில் பிடிப்பு கூடும், தேய்மானமும் கூடும். நம் ஊர் பாலிஷ் பட்டறையில் பஃப் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம். நெருக்கமாகத் தைத்த சக்கரம் நாள்பட உழைக்கும், ஆனால் குடத்தின் கழுத்து வளைவுக்குள் போகாது. தையல் தளர்ந்த சக்கரம் வளைவெல்லாம் புகுந்து பளபளப்பாக்கும், சீக்கிரம் நார்நாராகப் போய்விடும். டயர் கம்பெனிகள் இந்த ரப்பர்களைக் கலந்து நடுவில் ஓர் இடத்தில் நிற்கின்றன. கடைக்காரர் சொல்லும் பாதி உண்மை இங்கே முடிகிறது.

அடுத்து, டயர் தேய்வது எப்படி என்று பார்க்க வேண்டும். உருளுவதால் டயர் அதிகம் தேய்வதில்லை, சறுக்குவதால்தான் தேய்கிறது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் பார்க்கும் திசை ஒன்று, வண்டி போகும் திசை சற்றே வேறு. அந்தச் சிறு கோணத்தில்தான் பக்கவாட்டு விசை பிறக்கிறது. அதே கோணத்தில்தான் ரப்பரும் உரசிப் போகிறது. இங்கிலாந்தில் ரப்பர் ஆய்வு செய்த அடால்ஃப் ஷாலமாக் 1960-ல் தன் சகாவோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: தேய்மானம் பக்கவாட்டு விசையின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். பக்கவாட்டு விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்தால் வேகத்தின் நான்காம் படி வருகிறது. வால்பாறை வளைவொன்றை மணிக்கு 30 கிலோமீட்டரில் எடுப்பவர் 36-ல் எடுத்தால், அந்த வளைவில் அவருடைய டயர் ஏறக்குறைய இரண்டு மடங்கு தேயும். ஆறு கிலோமீட்டர் வேகத்துக்கு இவ்வளவு விலை. "அதே டயர் அவருக்கு 60,000 ஓடிச்சு, எனக்கு 35,000-ல போச்சு" என்று கடையில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

அந்த ஆய்விலேயே இன்னொரு செய்தியும் உண்டு. கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. அதே பக்கவாட்டு விசையைத் தருவதற்கு விறைப்பான டயருக்குச் சிறிய கோணமே போதும். தொளதொளத்த டயருக்குப் பெரிய கோணம் வேண்டும். கோணம் சிறியதென்றால் உரசல் குறைவு, தேய்மானம் குறைவு. ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்பும் அந்தத் துல்லியமும் அதே சிறிய கோணத்திலிருந்துதான் வருகிறது. மகன் கேட்கும் சுகமும் அப்பா கேட்கும் ஆயுளும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. அந்த விறைப்பை ரப்பர் தருவதில்லை. நூலும் கம்பியும் காற்றும் தருகின்றன.

கார் டயரின் உடம்பு பாலியஸ்டர். டயரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, ஓடும் திசைக்குச் செங்குத்தாக, நூல் இழைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ரேடியல் என்பது இந்த அமைப்புதான். திருப்பூரில் விளையாட்டு டி-ஷர்ட்டுக்கு 75, 150 டெனியர் பாலியஸ்டர் நூல் ஓடுகிறது. டயருக்குள் இருப்பது 1,000 அல்லது 1,500 டெனியர், இரண்டிழை முறுக்கு. நெய்த துணிதான், ஆனால் பாவு மட்டுமே பாரம் சுமக்கும், ஊடை என்பது இழைகள் விலகாமல் பிடித்துவைக்க எப்போதாவது குறுக்கே ஓடும் மெல்லிய நூல். ரப்பர் ஒட்டுவதற்காக இந்தத் துணியை லேட்டெக்ஸ் கலந்த பிசின் குளியலில் தோய்த்துச் சூட்டில் இழுத்துப் பதப்படுத்துகிறார்கள். அதன் மேல் பித்தளை முலாம் பூசிய எஃகுக் கம்பிகளாலான இரண்டு பட்டைகள் குறுக்குமறுக்காக. பித்தளையில் உள்ள செம்பு ரப்பரிலுள்ள கந்தகத்தோடு வினைபுரிந்து இரண்டையும் பிணைக்கிறது. வேகத்துக்கென்று செய்த டயர்களில் அந்த எஃகுப் பட்டைகளின் மேல் நைலான் நூலைச் சுற்றி ஒரு கட்டு. நைலான் சூடானால் சுருங்கும்; வேகம் கூடிச் சூடேறும்போது பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டயருக்கான நைலான் நூல்துணியை எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் 1970-களிலிருந்து சென்னை மணலியில் செய்துவருகிறது. அதற்குப் பக்கத்துத் திருவொற்றியூரில்தான் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பின்னர் டயர் கம்பெனியாக வளர்ந்தது.

உடம்பு தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து ஆள் ஒருவர் இடம்பெற்ற பந்தயமே சாட்சி. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு மட்டும் ஒரு விதி இருந்தது: தகுதிச் சுற்றுக்கும் முழுப் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர். வேகத்துக்காகவே செய்த டயர்கள் நீடித்தும் உழைக்க வேண்டிய கட்டாயம். ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில், சாய்வான 13-ஆம் வளைவில் மிஷலின் டயர்கள் பழுதாயின. அந்தச் சாய்வில் முழு வேகத்தில் ஏறிய பாரத்தை அவற்றின் உடம்பு தாங்கவில்லை. பாதுகாப்புக்கு உறுதி தர முடியாது என்று மிஷலின் சொன்னதால், ஜூன் 19 அன்று மிஷலின் போட்ட 14 கார்களும் ஃபார்மேஷன் சுற்று முடிந்ததும் உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் பந்தயம் ஓடின. அதில் ஒன்று நரேனின் ஜோர்டான். நான்காவதாக வந்து ஃபார்முலா 1-ல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் ஆனார். உலகின் மிகச் சிறந்த ரப்பர் இருந்தும், உடம்பு தாங்காத டயரால் ஒரு சுற்றுகூடப் பந்தயம் ஓட முடியவில்லை.

இந்த உடம்பைக் கடையிலேயே படித்துப் பார்க்கலாம். டயரின் பக்கச் சுவரில் சின்ன எழுத்தில் டிரெட், சைடுவால் என்று எழுதி, எத்தனை அடுக்கு பாலியஸ்டர், எத்தனை ஸ்டீல், எத்தனை நைலான் என்று அச்சிட்டிருப்பார்கள். தரையைத் தொடும் டிரெட் பகுதியில் ஒரு பாலியஸ்டர், இரண்டு ஸ்டீல், ஒரு நைலான் என்றிருந்தால் நல்ல கட்டு. அளவுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்து வேகத் தகுதி: 'டி' என்றால் 190 கிலோமீட்டர், 'ஹெச்' 210, 'வி' 240. நாம் யாரும் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆனால் ஒரே அளவில் 'டி'-க்குப் பதில் 'ஹெச்' அல்லது 'வி' எடுத்தால் பெரும்பாலும் உள்ளே கட்டு இறுக்கமாக இருக்கும். ஸ்டியரிங்கில் அது தெரியும். கடைசியில் வரும் நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். அலமாரியிலேயே கிடந்து வயதான டயரை வாங்க வேண்டாம்.

விறைப்புக்கு ஆசைப்பட்டு பெரிய ரிம், மெலிந்த பக்கச் சுவர் என்று போவது வேறு கதை. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தில் இறங்கினால், ரிம்முக்கும் பள்ளத்தின் ஓரத்துக்கும் நடுவே பக்கச் சுவர் நசுங்கி உள்ளே நூல் அறுகிறது. இரண்டு நாள் கழித்து அங்கே கட்டி புடைத்து நிற்கும். நூல் அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. அந்த டயரைச் சரிசெய்ய வழியே கிடையாது. நம் ரோடுகளுக்கு கம்பெனி கொடுத்த அளவே நல்லது. மிஞ்சிப்போனால் ரிம் ஒரு அங்குலம் கூடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

காற்று குறைந்தால் இந்த உடம்பு தளர்ந்துவிடும். ஓரங்கள் தேயும், ஸ்டியரிங் மந்தமாகும், பெட்ரோலும் கூடும். காலையில் வண்டி எடுக்கும் முன்பே காற்றைப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் ரோடு 60 டிகிரியை நெருங்கும்போது ஓட்டி வந்து பார்த்தால் அளவு நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், கூடிவிட்டதே என்று இறக்கிவிடக் கூடாது. நைட்ரஜன் நிரப்பினால் ஆயுள் கூடும் என்று நம்பிக் காசு கொடுக்கத் தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசை அலைன்மென்ட்டுக்குக் கொடுங்கள். முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் டோ அளவு மொத்தம் 3 மில்லிமீட்டர் தவறியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு டயரும் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டரில் அது 25 கிலோமீட்டர் வெறும் உரசல்.

டயர் தேயத் தேய ஓட்டும் சுகம் கூடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அது பிரமையில்லை. புது டயரில் பட்டன், அதாவது பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டைகள், 7, 8 மில்லிமீட்டர் உயரம். உயரமான பட்டன் வளைவில் நெளியும், அதனால் ஸ்டியரிங் சற்று மந்தமாகத் தெரியும். தேய்ந்து குட்டையானதும் நெளிவு போய் வண்டி சட்டென்று திரும்பும். உலர்ந்த ரோட்டில் இது உண்மையிலேயே இனிமையான அனுபவம். அதனால்தான் இது ஆபத்தானது. ஓட்டுபவருக்கு நம்பிக்கை கூடுகிற அதே நேரத்தில், தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளங்கள் மறைந்துகொண்டிருக்கின்றன.

1963-ல் நாசாவின் வால்டர் ஹோர்ன் விமான டயர்களை வைத்துச் சோதித்து ஒரு எளிய சூத்திரம் தந்தார். தரையில் போதுமான தண்ணீர் நின்று, டயர் வழுக்கையாக இருந்தால், அது தரையை விட்டு முழுவதும் மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 33 பி.எஸ்.ஐ.-க்குக் கணக்கிட்டால் மணிக்கு 96 கிலோமீட்டர்; காற்றுப் பார்க்காமல் 25-க்கு இறங்கியிருந்தால் 83 கிலோமீட்டர். ஐப்பசி மழையில் அவிநாசி பைபாஸில் சாதாரணமாகப் போகும் வேகம்தான் இது. மிதக்கும் டயருக்குப் பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. நம் சட்டப்படி கார் டயரில் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடாக அதற்கு அடையாளம் வைத்திருப்பார்கள். சட்டம் அங்கே நிற்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் 3 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

எதை வாங்குவது? ஈரப்பிடிப்பு, உருளும் தடை, சத்தம் ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்சத் தரத்தை மத்திய அரசு 2022-ல் அறிவித்தது. எரிபொருள் சிக்கனத்துக்கு நட்சத்திரக் குறியும் வந்துவிட்டது. ஆனால் அந்த நட்சத்திரம் பெட்ரோலைப் பற்றித்தான் பேசும், மழையில் பிரேக் பிடிப்பதைப் பற்றிப் பேசாது. சில டயர்களில் டிரெட்வேர் 300, 400 என்று அமெரிக்க முறை எண் இருக்கும்; பெரிய எண் நிறைய ஓடும், பக்கத்திலேயே உள்ள டிராக்ஷன் எழுத்து 'ஏ' அல்லது 'ஏஏ' என்றால் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். இந்த எண்ணைக் கம்பெனியே தன் டயருக்குக் கொடுத்துக்கொள்கிறது என்பதால், ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் அது உதவும்.

வாரம் முழுக்க ஊருக்குள், மாதம் ஒருமுறை மலை என்று ஓடும் வண்டிக்கு நான் சொல்வது இது: கம்பெனி கொடுத்த அளவு, 'ஹெச்' அல்லது 'வி' வேகத் தகுதி, டிராக்ஷன் 'ஏ'-க்குக் குறையாதது, நைலான் கட்டு உள்ளது, சிலிக்கா கலந்த டூரிங் வகை. டிரெட்வேர் எண் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த ஐந்தும் அமைந்த பிறகு அதைப் பாருங்கள்.

காசு போதாமல் இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர்தான் முதலில் தேயும். அதனால் புதியதை அங்கேயே மாட்டக் கடை ஆளும் கை வைத்துவிடுவார். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் காலை எடுத்தாலே வண்டி பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். நம்மில் பெரும்பாலோரால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.